நூறு நாள் வெளியே நிற்கப்போகும் கார்

கேள்வி: வணக்கம் தம்பி. நானும் மனைவியும் டிசம்பர் 10ஆம் திகதி யாழ்ப்பாணம் போகிறோம். மார்ச் 20இல்தான் திரும்புவோம். எங்களுடையது 2016 ரொயோட்டா கொரோலா. ரொறன்ரோ ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் வெளிப் பார்க்கிங்கில்தான் நிற்கும். மேலே கூரை இல்லை, பக்கத்தில் பிளக்கும் இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து 10 நிமிடம் ஸ்ரார்ட் செய்து விடுவதாகச் சொல்கிறான். அது போதுமா? கவர் வாங்கி மூடவேண்டுமா? ஹான்ட் பிறேக் போட்டுவிட்டுப் போகலாமா? முன்பு ஒருமுறை ஆறு வாரம் ஊருக்குப் போய் வந்தபோது பற்றரி செத்துக் கிடந்தது. அதனால்தான் இந்தமுறை முன்கூட்டியே கேட்கிறேன்.

பதில்: ஐயா, அந்தப் பொடியனின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் அந்த 10 நிமிட வேலை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். உங்கள் கேள்விகளில் முக்கியமானது அதுதான். இங்கே நம்மவர்களில் பலர் செய்வதும் அதுதான். நன்மை என்று நினைத்துச் செய்கிறார்கள், காருக்கு அது கெடுதலாகிறது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். காரை நிறுத்திப் பூட்டிய பிறகும் அலாரம், கதவுப் பூட்டின் ரிசீவர், கணினிப் பெட்டிகளின் நினைவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள காரிலேயே 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போகும். நடுவாக 40 என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் மணி, ஒரு வாரத்துக்கு 7. உங்கள் காரில் இருப்பது போன்ற பற்றரியின் கொள்ளளவு ஏறக்குறைய 50 ஆம்பியர் மணி. அன்று ஆறு வாரத்தில் அது ஏன் செத்தது என்பது இப்போது விளங்கும்.

சரி, பொடியன் வந்து 10 நிமிடம் ஓடவிட்டால் திரும்ப என்ன வரும்? குளிருக்கு ஹீட்டரைப் போடுவான், பின்கண்ணாடிச் சூட்டைப் போடுவான், லைட்டும் எரியும். அவ்வளவும் எடுத்தது போக, சும்மா நின்று ஓடும் என்ஜினிலிருந்து 10 ஆம்பியர் பற்றரிக்குப் போனாலே பெரிய காரியம். 10 நிமிடத்துக்கு அது 2 ஆம்பியர் மணிகூட வராது. குளிர்ந்து கிடக்கும் பற்றரி சார்ஜை மெதுவாகத்தான் ஏற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 7 போகிறது, வருவது ஒன்றரை. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு அவன் திறப்பைத் திருப்புவான், டிக் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்கும்.

பற்றரியை விடக் கவலைப்பட வேண்டியது என்ஜின். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே போகும். என்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தால் அந்த ஆவி சைலன்சர் வழியாகப் போய்விடும். குளிர்ந்த இரும்பிலே பட்டால் அப்படியே தண்ணீராகி அங்கேயே தங்கும். 10 நிமிடத்தில் எந்தக் காரின் ஒயிலும் இந்த ஊர் ஜனவரியில் சூடாகாது. தண்ணீரில் ஒரு பங்கு சைலன்சரில் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். இன்னொரு பங்கு ஒயிலுக்குள் இறங்கும். இப்படி வாராவாரம் ஓடவிட்ட கார்களின் ஒயில் மூடியைத் திறந்தால் அடிப்பக்கத்தில் பால்தேத்தண்ணி நிறத்தில் களிம்புபோல ஒன்று ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் வழுவழுவென்று வரும். ஒயிலும் தண்ணீரும் கலந்த கலவை அது. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் கராஜில் நான் காண்கிற காட்சி. அந்த ஒயில்தான் என்ஜினைத் தேயாமல் காக்கவேண்டும், நினைத்துப் பாருங்கள்.

ஓடவிடத்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தெரு காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, அரை மணிநேரத்துக்குக் குறையாமல் ஓட்டவேண்டும். அதற்கு அவன் பெயர் உங்கள் இன்சூரன்சில் பிரச்சினை இல்லாமல் இருக்கவேண்டும். அது உங்களுக்கும் அவனுக்கும் தலைவலி. ஒன்றில் ஒழுங்காக ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து அவனிடம் நேரிலேயே சொல்லுங்கள். பனி கொட்டிய பிறகு புகைக்குழாயின் வாய் மூடியிருந்தால், ஓடும் காருக்குள் கார்பன் மொனொக்சைட்டு ஏறிவிடும். மணம் இல்லை, நிறம் இல்லை. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே போனைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு மயக்கம் வருவதே தெரியாது. இப்படி உயிர் போயிருக்கிறது. என்ன அவசரமாக இருந்தாலும் முதலில் குழாயைச் சுற்றியுள்ள பனியை வழித்துவிட்டுத்தான் திறப்பைத் திருப்பவேண்டும்.

அப்படியானால் பற்றரிக்கு என்ன வழி? கழற்றி விடுங்கள், அவ்வளவுதான். போவதற்கு முந்தைய நாட்களில் ஒருமுறை பற்றரியை இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டு நிரப்பவேண்டும். உங்கள் இடத்தில் பிளக் இல்லை என்பதால் எந்தக் கராஜிலாவது விட்டால் செய்து தருவார்கள். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காரில் பற்றரி முழுதாக நிரம்பியே இருக்காது என்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன். நிரம்பிய பற்றரியைச் சில மணிநேரம் ஓய்வாக விட்டு அளந்தால் 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் மறுபடி சார்ஜ் செய்யுங்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட பற்றரி என்றால் அன்றைக்கே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றவேண்டி வந்தால் போகும்முன்பே மாற்றுவது நல்லது.

காரை நிறுத்திய பிறகு, 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் நெகட்டிவ் முனையைத் தளர்த்தி எடுத்து, அது தற்செயலாகத் திரும்பவும் முட்டாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். பொசிட்டிவைத் தொடவேண்டாம். பற்றரியைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். தேவையில்லை. முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரியின் அமிலம் மைனஸ் 50இலும் உறையாது. குளிரில் தானாக வடிவதும் மிகக் குறைவு. சார்ஜ் இறங்கிப்போன பற்றரிதான் மைனஸ் 10 அளவிலேயே உறைந்து, பெட்டி வெடித்து, அமிலம் ஒழுகும். ரொறன்ரோ ஜனவரி இரவுக்கு மைனஸ் 10 ஒரு பொருட்டே இல்லை. அப்படி உறைந்த பற்றரிக்கு வேறு காரிலிருந்து வயர் போட்டு ஒருநாளும் பூஸ்ட் கொடுக்கக்கூடாது, வெடிக்கும்.

முனையைக் கழற்றியதும் ரிமோட் வேலை செய்யாது. அதனால் கதவைத் திறப்பால் பூட்டித் திறந்து முன்பே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகத் திறப்பு நுழையாத துவாரம் இறுகியிருக்கும். கொஞ்சம் கிராபைட் தூள் போட்டால் போதும். இதில் ஒரு நன்மையும் உண்டு. ரொறன்ரோப் பக்கம் கார்த் திருட்டு எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். மின்சாரமே இல்லாத காரை ரிமோட் சிக்னலை ஏமாற்றித் திறக்க முடியாது. ஸ்டியரிங் பூட்டு ஒன்றையும் மாட்டிவிட்டால் எனக்கே நிம்மதியாக இருக்கும்.

அப்புறம் ஹான்ட் பிறேக். போடவேண்டாம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர், உங்கள் வயதுதான் இருக்கும், குளிர்காலம் முழுக்க ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டுப் போயிருந்தார். ஏப்ரலில் வந்து ஸ்ரார்ட் செய்தார், என்ஜின் எடுத்தது, கார் அசையவில்லை. கொஞ்சம் கூட அமுக்கியிருக்கிறார். பின்சில்லு இரண்டும் சுற்றாமல், பார்க்கிங்கில் கறுப்புக் கோடு போட்டபடி இழுபட்டன. இழுவை வண்டியில்தான் எங்களிடம் வந்தது. சில்லோடு சுற்றும் பிறேக் டிரமைக் கழற்ற எங்கள் பொடியன் அரைமணி நேரம் சுத்தியலால் தட்டினான். உள்ளே டிரமை அழுத்தி நிறுத்தும் பிறேக் சூவின் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டி, தகட்டிலிருந்து உரிந்தே வந்திருந்தது. உங்கள் கொரோலாவிலும் பின்னுக்கு டிரம் பிறேக்காக இருக்க வாய்ப்பு அதிகம். சமதரையில் நிறுத்தி, கியரை 'பி'யில் போட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். பொத்தானை அமுக்கும் மின் ஹான்ட் பிறேக் உள்ள கார் என்றால் சிலவற்றில் என்ஜினை நிறுத்தியதும் அது தானாகவே பிடித்துக்கொள்ளும். பற்றரியைக் கழற்றும் முன் அது விட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு மின்சாரம் இல்லாமல் விடுவிக்க முடியாது.

நிறுத்துவதற்கு முதல்நாள் நன்றாகக் கழுவுங்கள், குறிப்பாக அடிப்பக்கம். டிசம்பர் 10க்குள் தெருவில் உப்புப் போட்டிருப்பார்கள். அந்த உப்பைச் சுமந்தபடி நூறு நாள் நின்றால் இரும்புக்கு அது நூறு நாள் சாப்பாடு. கடும் குளிரைவிட, பனி உருகி ஈரமாகும் நாட்களில்தான் உப்பு வேகமாக அரிக்கும். மார்ச் மாதம் முழுக்க அப்படித்தான் இருக்கும். கழுவிய கையோடு நிறுத்தவும் கூடாது. 15, 20 நிமிடம் ஓட்டி, இடையிடையே பிறேக்கை மெதுவாக அமுக்கி, டிஸ்க்கும் டிரமும் காய்ந்த பிறகு நிறுத்துங்கள். இந்த வருடம் துருத்தடுப்பு எண்ணெய் இன்னும் அடிக்கவில்லை என்றால் ஒக்டோபரிலேயே அடித்துவிடுங்கள். கதவு ரப்பர்களில் சிலிக்கன் தடவினால் கதவு உறைந்து ஒட்டாது.

ரயர் விஷயத்தில் ஒரு தவறு நடப்பது வழக்கம். "ஓடப்போவதில்லையே" என்று கோடை ரயரோடு நிறுத்திவிட்டுப் போவார்கள். மார்ச் 20இல் வந்து இறங்கும்போது இந்த ஊரில் பனிப்புயல் அடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. களைத்து வந்த உடம்போடு அந்தத் தெருவில் நீங்கள்தான் ஓட்டவேண்டும். குளிர்கால ரயரை மாட்டிவிட்டே போங்கள். காற்றைப் பொறுத்தவரை, வெப்பம் ஐந்தரைப் பாகை இறங்க ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். 10 பாகையில் அடித்த காற்று மைனஸ் 20இல் 5 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்து நிற்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை விட 5 கூட்டி அடியுங்கள். ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. நூறு நாள் ஒரே இடத்தில் அமுங்கியதால் முதலில் கொஞ்சத் தூரம் தடதடவென்று ஓடும். ரயர் சூடானதும் சரியாகிவிடும்.

திரவங்களில் நான் விட்டுக்கொடுக்காதது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ற். ரேடியேற்றர் கொஞ்சம் ஒழுகுகிறது என்று கோடையில் யாராவது குழாய்த்தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் அதுவே என்ஜினுக்கு எமன். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் ஏறக்குறைய மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீர் உறைந்தால் கனஅளவு 9 வீதம் கூடும். அந்தத் தள்ளலுக்கு என்ஜின் பிளொக்கே வெடிக்கும். சோதிக்க இரண்டு நிமிடம் போதும், எங்கே ஒயில் மாற்றினாலும் கேளுங்கள், பார்த்துச் சொல்வார்கள். ஒயில் மாற்றும் நாள் கிட்டத்தில் இருந்தால் போகும்முன் மாற்றிவிடுங்கள். அழுக்கு ஒயிலில் இருக்கும் அமிலம் மாதக்கணக்கில் பேரிங்கில் ஊறுவது நல்லதல்ல. கண்ணாடி கழுவும் தண்ணீர், மைனஸ் 40 என்று எழுதிய குளிர்காலத் தண்ணீர்தானா என்று பாருங்கள். பெற்றோலை முழுதாக அடித்துவிட்டு நிறுத்துங்கள். ஒன்ராறியோ பெற்றோலில் எத்தனோல் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். தாங்கி நிரம்பியிருந்தால் ஈரக்காற்றுக்கு உள்ளே இடமில்லை. பெற்றோல் கெடாமல் இருக்க ஊற்றும் மருந்து நூறு நாளுக்குக் கட்டாயம் என்று சொல்லமாட்டேன். ஆறு மாதம் என்றால் ஊற்றத்தான் வேண்டும்.

கவர் வேண்டாம், ஐயா. திறந்த வெளியில் காற்று அதைப் பிடித்து ஆட்டும். கவருக்கும் பெயின்ற்றுக்கும் இடையில் அகப்பட்ட உப்பும் மண்ணும் உரைதாள் மாதிரித் தேய்க்கும். ஈரம் உள்ளே நின்று உறைந்து ஒட்டிக்கொள்ளும். பனி வெறுமனே மேலே கிடப்பதால் பெயின்ற்றுக்கு ஒன்றும் ஆகாது. மரத்துக்குக் கீழே மட்டும் நிறுத்தாதீர்கள். 2013 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் உறைமழை பெய்து, ஐஸ் சுமை தாங்காமல் மரக்கொப்புகள் முறிந்து விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இலட்சக்கணக்கானோர் நத்தாருக்கு மின்சாரம் இல்லாமல் இருந்தோம். எத்தனையோ கார்களின் கூரையும் அன்று நசுங்கியது.

எலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மார்ச் மாதம், ஹீட்டரைப் போட்டால் கெட்ட மணம் வருகிறது என்று ஒருவர் வந்தார். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று பில்டரை இழுத்தேன். பில்டர் பாதிதான் வந்தது. மீதியைச் சுண்டெலி கத்தரித்துக் கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குள் ரிஷ்யூத் துணுக்கு, ஆசனப் பஞ்சு, நடுவில் கடித்த முறுக்குத் துண்டு ஒன்று. குழந்தையின் ஆசனத்துக்குக் கீழே கொட்டியிருந்த முறுக்கு அது. அன்று பில்டரோடு போயிற்று. வயரைக் கடித்திருந்தால் ஆயிரம் டொலருக்கு மேல் போயிருக்கும். அதனால் ஆசனங்களுக்குக் கீழே, ஓரங்களில் எல்லாம் வக்குயூம் பிடியுங்கள். கோயில் பிரசாதப் பையைக்கூட உள்ளே விடாதீர்கள். நிறுத்தும்போது காற்றை உள்ளேயே சுழலவிடும் பொத்தானைப் போட்டுவிட்டு என்ஜினை நிறுத்தினால், வெளிக்காற்று வாசல் மூடியே இருக்கும்.

கார் ஒருபுறம் இருக்க, இடத்தையும் இன்சூரன்சையும் பார்க்கவேண்டும். கட்டடப் பொறுப்பாளரிடம் போய் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று சொல்லி, பனி வழிக்கும்போது காரை நகர்த்தச் சொல்வார்களா என்று கேளுங்கள். சொல்வார்கள் என்றால், ஒதுக்குப்புறமாக ஓர் இடம் தரச்சொல்லிக் கேட்கலாம். உங்கள் கட்டடத்தில் நிலக்கீழ்ப் பார்க்கிங் இருந்தால் கார் இல்லாத யாரிடமாவது மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. இரண்டும் சரிவராவிட்டால் பொடியனிடம் ஒரு திறப்பும் அந்த ஸ்பானரும் கொடுத்து, நெகட்டிவை மாட்டி, காரை நகர்த்தி, மறுபடி கழற்றப் பழக்கிவிட்டுப் போங்கள். அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வேலையை விட உபயோகமான வேலை.

இன்சூரன்சில் ஓட்டும் பாதுகாப்பை மட்டும் இடைநிறுத்தி, திருட்டு, தீ, மரம் விழுதல் போன்றவற்றுக்கான பகுதியை வைத்துக்கொள்ள ஒன்ராறியோவில் வழி இருக்கிறது. காசு கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அப்படி நிறுத்திய நாட்களில் யாரும் காரை ஓட்டக்கூடாது, பனிக்காக நகர்த்தக்கூட முடியாது. காருக்குக் கடன் கட்டிக்கொண்டிருந்தால் கடன் கொடுத்தவரும் சம்மதிக்கவேண்டும். கார் நகரவேண்டிய இடத்தில் நிற்கிறது என்றால் இந்த மிச்சத்துக்கு ஆசைப்படாதீர்கள். முழு இன்சூரன்சையும் வெட்டிவிட்டுப் போவது எந்த நிலையிலும் வேண்டாம். இடைவெளி விழுந்தால் திரும்ப எடுக்கும்போது கட்டணம் ஏறலாம்.

திரும்பி வந்த அன்றே ஓட்ட நினைக்காதீர்கள். ஒரு நாள் உறங்கி எழும்பி, வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். கூரைப் பனி முழுவதையும் தட்டிவிடுங்கள், புகைக்குழாயையும் வழியுங்கள். பொனட்டைத் திறந்து கூடு ஏதும் இருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நெகட்டிவை மாட்டுங்கள். பற்றரி கழற்றியிருந்ததால் முதல் சில நிமிடம் என்ஜின் ஏறி இறங்கி ஓடும். கடிகாரத்தையும் நேரம் வைக்கவேண்டி வரும், பயப்பட ஒன்றுமில்லை. ரயர் காற்றைக் கதவுத் தூண் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நகர்ந்ததும் பிறேக்கில் கரகரவென்று சத்தம் கேட்கும், டிஸ்க்கின் மேல் படிந்த துரு அது. பார்க்கிங்குக்குள்ளேயே நாலைந்து தரம் மெதுவாக அமுக்கினால் உரிந்துவிடும். பத்துத் தரம் அமுக்கியும் சத்தம் போகாவிட்டால், அல்லது பெடல் அடிவரை இறங்கினால், தெருவுக்கு ஏற்றாமல் அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.